இந்த நியூஸுக்குக் காசு குடுக்கிறது யாரு? முத்துக்குளித்துறையிலிருந்து மீடியா ஷேர் வரை



தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் நம்மகிட்ட ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, போனஸ் 40,000 ரூபாய் வந்திருக்கு. எங்க வீட்ல காலையில பேப்பர், சாயங்காலம் சீரியல், சீசன் வந்தா ராத்திரி ஐபிஎல். தெருவுல எல்லா வீட்லயும் இதே கதைதான். அப்போ மீடியா கம்பெனி ஷேர் வாங்கிப் போட்டா கண்டிப்பா ஏறும்தானே?"

கேட்கும்போது சரியாத்தான் தோணும். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. எல்லாரும் பார்க்கிறாங்கங்கிறது ஒரு விஷயம், அதுக்கு யார் காசு குடுக்கிறாங்கங்கிறது வேற விஷயம். சோப்பு கம்பெனின்னா சோப்பு வாங்குறவர்தான் காசு குடுக்கிறார், கணக்கு அங்கேயே முடிஞ்சுது. மீடியாவுல பார்க்கிறவர் ஒருத்தர், காசு குடுக்கிறவர் இன்னொருத்தர், முதலாளி மூணாவது ஆள். சில நேரம் அந்த முதலாளிக்குக் கடன் குடுத்தவர் நாலாவது ஆள்.

இந்த நாலு பேர் யார் யார்னு தெரிஞ்சுக்கிட்டா மூணு இடத்துல உங்களுக்குப் பயன்படும்: ஷேர் வாங்கும்போது, பிசினஸ் செய்தி படிக்கும்போது, மாசச் சம்பளத்துல ஓடிடி சந்தா கட்டும்போது. தம்பியோட ஊர்லயே இதுக்கு 450 வருஷக் கதை இருக்கு. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் தமிழ் அச்சு: காசு குடுத்தது முத்துக்குளிக்கிறவங்க

1500-களின் நடுவுல போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் அன்ரிக்கே அன்ரிக்கஸ் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதாவது இன்னைக்கு புன்னைக்காயல், தூத்துக்குடி, மணப்பாடு இருக்கிற கரை. தமிழ் கத்துக்கிட்டு, தமிழ்லயே புத்தகம் அச்சடிக்கணும்னு நினைச்சார். 1578-ல் கொல்லத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கப் புத்தகம். இந்தியாவுல ஒரு இந்திய மொழியோட எழுத்துல அச்சான முதல் புத்தகம் அதுதான். 1586-ல் 'அடியார் வரலாறு' வந்தது.

அச்சு எழுத்து வார்க்கணும், காகிதம் வாங்கணும், ஆள் வைக்கணும். அந்தத் தமிழ் அச்சுக்காக இந்தக் கரையின் பரதவர் சமூகம் 400 குருசாடோ நன்கொடை குடுத்தது. குருசாடோன்னா அன்றைய போர்த்துக்கீசிய நாணயம். முத்துச் சிப்பி எடுக்கக் கடலுக்குள்ள மூச்சடக்கி இறங்கினவங்களோட காசு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. காசு குடுத்தது தமிழ் பேசுற மக்கள், அதனால புத்தகம் தமிழ்ல வந்தது. ஆனா உள்ளே என்ன இருக்கணும்னு முடிவு பண்ணினது திருச்சபை, அதனால வந்தது ஜெபப் புத்தகமும் புனிதர் வரலாறும். காசு ஒருத்தர், கட்டுப்பாடு இன்னொருத்தர். இன்னைக்கு ஒரு மீடியா கம்பெனியோட ஆண்டறிக்கையைத் திறந்தாலும் முதல்ல தேட வேண்டியது இந்த ரெண்டு பேரைத்தான்.

இலங்கை வானொலி: நம்ம ஊர் விளம்பரக் காசு கொழும்புக்குப் போன கதை

அப்படியே 1950-களுக்கு வருவோம். அப்போ நம்ம நாட்டுல வானொலின்னா ஆல் இந்தியா ரேடியோ மட்டும்தான். அரசு நிறுவனம், விளம்பரம் கிடையாது. வீட்ல ரேடியோ வச்சிருந்தா தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டணும். 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அவர் காலத்துல வானொலியில சினிமாப் பாட்டு காணாமலே போச்சு.

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புல நடந்தது நேர் எதிர். இலங்கை வானொலி 1950-ல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. நாள் முழுக்கப் பாட்டு, நடுநடுவே விளம்பரம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையில அது உள்ளூர் நிலையம் மாதிரித் தெளிவா கேட்கும். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்களும் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியும் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பழக்கம். உங்க அப்பா, தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவாங்க.

கேட்டது இந்தியர்கள், பாட்டு இந்தியப் பாட்டு, பொருள் விற்றதும் இந்தியாவுல. ஆனா விளம்பரக் காசு போனது கொழும்புக்கு. 1957-ல் டெல்லி 'விவித் பாரதி' ஆரம்பிச்சது. அதுலயும் விளம்பரம் எடுக்கத் தொடங்கினது 1967-ல்தான்.

இதுல இருக்கிற முதலீட்டுப் பாடம் இதுதான்: ஒரு ஊடகத்தோட வருமானத்தை அதோட திறமை மட்டும் தீர்மானிக்கிறதில்ல. அரசு போடுற விதியும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரே ஒரு கொள்கை முடிவால ஒரு சந்தையே கடல் தாண்டிப் போகலாம்.

உலகத்துல எத்தனை வகை?

ஊடகத்துக்கு யார் காசு குடுக்கிறாங்கன்னு உலகம் முழுக்கப் பார்த்தா, பெரும்பாலும் இந்த நாலு வகையில அடங்கிடும்:

1. மக்கள் கட்டாயமா கட்டுறது: பிரிட்டன்ல பிபிசிக்கு 2025-26-ல் ஒரு வீட்டுக்கு வருஷம் 174.50 பவுண்டு லைசென்ஸ் கட்டணம். ஜெர்மனியில ஒவ்வொரு வீடும் மாசம் 18.36 யூரோ. அரசு பட்ஜெட்டை மட்டும் நம்பாம, விளம்பரதாரரையும் பெருசா நம்பாம ஓடணும்கிறதுதான் நோக்கம்.

2. விளம்பரம்: நம்ம டிவி, பேப்பர், யூடியூப் எல்லாம் பெரும்பாலும் இதுதான். நீங்க ஃப்ரீயா பார்க்கிறீங்க, உங்க கவனத்தை ஒருத்தர் காசு குடுத்து வாங்குறார்.

3. சந்தா: நியூயார்க் டைம்ஸுக்கு 1 கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள். விளம்பரத்தைவிட சந்தா வருமானம்தான் அங்கே அதிகம்.

4. அறக்கட்டளை: பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையைக் காப்பாத்த 1936-ல் ஸ்காட் டிரஸ்ட் உருவாச்சு. லாபத்தை எடுத்துட்டுப் போக ஷேர்ஹோல்டர்னு யாரும் இல்ல.

இதோட அரசியலையும் சேர்த்துப் பார்க்கணும். டேனியல் ஹாலின், பாவ்லோ மன்சினின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2004-ல் மேற்கு நாடுகளின் ஊடகங்களை மூணு வகையாப் பிரிச்சாங்க. அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் சந்தைதான் ராஜா. ஜெர்மனி, ஸ்வீடன் பக்கம் சந்தையோட வலுவான பொது ஒலிபரப்பும் உண்டு. இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் பக்கம் ஊடகமும் கட்சியும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரி.

நம்ம தமிழ்நாடு எதுல வரும்? கேள்வியைப் படிக்கும்போதே சிரிச்சிருப்பீங்க. 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி, 2006-ல் மக்கள் டிவி, 2007-ல் கலைஞர் டிவி, 2010-ல் கேப்டன் டிவி. ரிமோட்டைக் கையில எடுத்தா சேனல் நம்பரோட கட்சிக் கொடியும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

இது டிவி வந்தப்புறம் வந்த பழக்கம் இல்ல. திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில பிறந்த சி.பா.ஆதித்தனார் லண்டன்ல பாரிஸ்டர் படிச்சுட்டு வந்து, 1942-ல் மதுரையில 'தந்தி'யைத் தொடங்கினார். டீக்கடையில ஒருத்தர் வாசிக்க நாலு பேர் கேட்கிற மாதிரி எளிய தமிழ். அதே ஆதித்தனார்தான் 1967-ல் தமிழ்நாடு சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். அவர் மருமகன் கே.பி.கந்தசாமி 1977-ல் 'தினகரன்' தொடங்கினார். 2005-ல் அதை சன் குழுமம் வாங்கிடுச்சு.

கட்சி சார்பு இருந்தா செய்தி எல்லாம் பொய்னு அர்த்தம் இல்ல. ஆனா முதலீட்டாளரா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். சில ஊடகங்களை முதலாளி நடத்துறது லாபத்துக்காக மட்டும் இருக்காது, செல்வாக்குக்காகவும் இருக்கும். உங்களுக்கு டிவிடெண்ட் வேணும், அவருக்கு வேற கணக்கு இருக்கலாம்.

குழாய் யார் கையில?

நல்ல நிகழ்ச்சி எடுத்தா போதாது, அது வீட்டுக்கு வந்து சேரணும். அந்தக் குழாய்தான் கேபிள், டிடிஎச், இன்டர்நெட். தமிழ்நாட்டுல சன் குழுமத்துக்கு சுமங்கலி கேபிள் விஷன் இருக்கு. அரசு 2007-ல் தானே ஒரு கேபிள் நிறுவனம் ஆரம்பிச்சு, 2011-ல் மாசம் 70 ரூபாய்க்கு இணைப்பு குடுத்தது. குழாய் யார் கையில இருக்கோ, எந்த சேனல் எந்த நம்பர்ல வரும்னு அவங்க கையில இருக்கும்.

இந்தக் குழாயோட வலிமையைத் தூத்துக்குடிக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தாங்க. அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் இன்டர்நெட்டை நிறுத்த அரசு உத்தரவு போட்டது. நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னு நம்ம போன்ல பார்க்க முடியாத நாட்கள் அவை. கையில போன் இருந்தும், ரீசார்ஜ் பண்ணியிருந்தும் பிரயோஜனம் இல்ல.

இப்போ குழாயும் நிகழ்ச்சியும் ஒரே கைக்குப் போய்க்கிட்டிருக்கு. 2024 நவம்பர்ல ரிலையன்ஸின் வயாகாம்18-ம் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் இணைஞ்சு ஜியோஸ்டார் ஆனது. ஒப்பந்த மதிப்பு 70,352 கோடி ரூபாய். உங்க வீட்டு விஜய் டிவி இப்போ அந்தக் குழுமத்துல. சிம் கார்டு, பிராட்பேண்டு, ஓடிடி, கிரிக்கெட் உரிமை எல்லாம் ஒரே குடும்பம். ஒரு மாநில சேனல் கம்பெனி இதோடதான் போட்டி போடணும்.

ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி மூணு உண்மைக் கதை

*சன் டிவி.* 2006 ஏப்ரல்ல ஐபிஓ, ஒரு ஷேர் 875 ரூபாய். (அதுக்கப்புறம் போனஸும் ஷேர் பிரிப்பும் நடந்தது. அதனால அந்த 875-ஐ இன்றைய விலையோட நேரா ஒப்பிடாதீங்க. பலர் பண்ற தப்பு இது.) புரமோட்டர் கையில 75%, அதாவது செபி அனுமதிக்கிற உச்சம். நீங்களும் நானும் மியூச்சுவல் ஃபண்டும் எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டாலும் 25%தான். விளம்பரம், சந்தா, சினிமா, சன்ரைசர்ஸ் கிரிக்கெட் அணிகள்னு வருமானம் பல வழியில வருது. ஆனா விளம்பரதாரர்கள் டிவியிலிருந்து போனுக்கு நகர்ந்ததால, சமீப வருஷங்கள்ல டிவி விளம்பர வருமானத்துக்கு அழுத்தம்.

*ஜீ.* சீரியல் நல்லாத்தான் ஓடிச்சு. பிரச்சினை வந்தது புரமோட்டர் குழுமத்தோட கடன்ல. ஷேரை அடமானம் வச்சு மற்ற பிசினஸுக்குக் கடன் வாங்கியிருந்தாங்க. 2019-ல் நெருக்கடி வந்து, 40%-க்கு மேல் இருந்த புரமோட்டர் பங்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிச்சு. பிறகு சோனியோட இணையப் போறாங்கன்னு நம்பிப் பலர் வாங்கினாங்க. 2024 ஜனவரி 22-ல் சோனி விலகிடுச்சு. அடுத்த நாள் சந்தையில ஷேர் 30%-க்கு மேல் விழுந்தது. 40,000 போட்டிருந்தா ஒரே நாள்ல 12,000 போயிருக்கும், அதாவது பலருக்கு அரை மாசச் சம்பளம்.

*என்டிடிவி.* நான் ஆரம்பத்துல சொன்ன நாலாவது ஆள் இங்கேதான் வர்றார். 2009-ல் நிறுவனர்களோட ஹோல்டிங் கம்பெனி இன்னொரு கம்பெனிகிட்ட சுமார் 400 கோடி ரூபாய் கடன் வாங்கிச்சு. வட்டி கிடையாது, ஆனா கடனை ஷேரா மாத்திக்கிற உரிமை கடன் குடுத்தவருக்கு இருந்தது. 13 வருஷம் ஒண்ணும் நடக்கல. 2022 ஆகஸ்ட்ல அந்தக் கடன் குடுத்த கம்பெனியையே அதானி குழுமம் வாங்கி, அந்த உரிமையைப் பயன்படுத்திச்சு. டிசம்பர் முடியிறதுக்குள்ள சேனல் கை மாறிடுச்சு. டாக்குமென்ட்ல இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்காம பர்சனல் லோன் வாங்குறவங்க எல்லாரும் இந்தக் கதையை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கலாம்.

பழைய முத்துக்குளிப்புல ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு வந்த சிப்பியைப் பிளக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா, வெறும் சதையான்னு எடுத்தவருக்கும் தெரியாது. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனா அந்த ஏலத்தை நாம இன்னும் டீமேட் கணக்குல நடத்திக்கிட்டிருக்கோம். அன்னைக்கு சிப்பியைத் திறந்து பார்க்க வழியில்ல. இன்னைக்கு வழி இருக்கு:

- என்எஸ்இ, பிஎஸ்இ தளத்துல ஒவ்வொரு காலாண்டும் பங்குதாரர் விவரம் வரும். புரமோட்டர் எத்தனை சதவீதம், அதுல எவ்வளவு அடமானம்னு பாருங்க.
- ஆண்டறிக்கையில விளம்பரம் எவ்வளவு, சந்தா எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க. மூணு வருஷத்தை வரிசையா வைங்க, எது ஏறுது, எது இறங்குதுன்னு தெரியும்.
- அதே முதலாளிக்கு வேற என்ன பிசினஸ் இருக்கு, அதுல கடன் இருக்கான்னு தேடுங்க.
- பேப்பர் கம்பெனின்னா அச்சுக் காகிதச் செலவைப் பாருங்க. காகிதத்துல பெரும் பங்கு இறக்குமதி. டாலர் ஏறினா லாபம் இறங்கும்.

பிசினஸ் செய்தி படிக்கும்போதும் இதே கேள்வி

2005-ல் பென்னட் கோல்மன் நிறுவனம் 'பிரைவேட் ட்ரீட்டி'ன்னு ஒரு முறை கொண்டு வந்தது. விளம்பரத்துக்குப் பணத்துக்குப் பதிலா அந்தக் கம்பெனியோட ஷேரையே வாங்கிக்கிறது. ஒரு பத்திரிகை ஒரு கம்பெனியில பங்கு வச்சிருந்தா, அந்தக் கம்பெனியைப் பத்தி எழுதும்போது நடுநிலையா இருக்குமான்னு கேள்வி எழுந்தது. 2010-ல் செபி தலையிட்டு, அப்படிப் பங்கு இருந்தா செய்தியோடயே வாசகருக்குச் சொல்லணும்னு விதி வந்தது. பிசினஸ் பக்கம் படிக்கும்போது அடியில இருக்கிற அந்தப் பொடி எழுத்து வரியையும் படிச்சுடுங்க.

இப்போ அதே பிரச்சினை யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வந்திருக்கு. பதிவு பெறாம ஷேர் டிப்ஸ் குடுக்கிறவங்களோட தரகு நிறுவனங்கள் தொடர்பு வச்சுக்கக் கூடாதுன்னு செபி 2024-ல் தடை போட்டது. பாடம் நடத்துறேன்னு சொல்றவங்க கடைசி மூணு மாச விலையைக் காட்டிப் பேசக் கூடாதுன்னு 2025 ஜனவரியில தெளிவுபடுத்திச்சு. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் எண் 'ஐஎன்ஏ'ன்னு தொடங்கும், ஆய்வாளர் எண் 'ஐஎன்எச்'ன்னு தொடங்கும். செபி இணையதளத்துல போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

அப்போ எங்களுக்கு யார் காசு குடுக்கிறாங்க? கேட்க வேண்டிய கேள்விதான், சொல்லிடுறோம். வீடியோவுக்கு நடுவுல வர்ற விளம்பர வருமானத்துல 55% யூடியூப் எங்களுக்குத் தரும். சில வீடியோக்களுக்குக் கீழே இருக்கிற டீமேட் லிங்க் வழியா நீங்க கணக்கு திறந்தா எங்களுக்குக் கமிஷன் வரும். அதனால "டீமேட் உடனே திறங்க"ன்னு நாங்க சொல்லும்போது கொஞ்சம் சந்தேகப்படுங்க, தப்பில்ல. நாங்க செபி பதிவு பெற்ற ஆலோசகர்கள் இல்ல. மேலே சொன்ன எந்த ஷேரையும் வாங்கவோ விற்கவோ சொல்லல.

உங்க மீடியா பில் எவ்வளவு?

ஒரு உதாரணம். பிராட்பேண்டு 600, மொபைல் 300, கேபிள் 250, மூணு ஓடிடி சேர்த்து 500. மொத்தம் மாசம் 1,650, வருஷம் 19,800. கையில 30,000 சம்பளம் வர்றவருக்கு இது 5.5%. மூணு ஓடிடியில ரெண்டை யாருமே திறக்கலன்னா, அந்த 300 ரூபாயை எஸ்ஐபியில போடலாம். வருஷம் 12% வளரும்னு வச்சுக்கிட்டா (உத்தரவாதம் கிடையாது) 20 வருஷத்துல சுமார் 3 லட்சம். நீங்க போட்டது 72,000தான்.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும். வெட்டும்போது செய்திக்குக் குடுக்கிற காசை முதல்ல வெட்டாதீங்க. நீங்க காசு குடுக்காத இடத்துல வேற யாரோ குடுக்கிறாங்க, அவங்களுக்குப் பிடிச்சதுதான் வரும். ஒரு நல்ல பேப்பர் அல்லது ஒரு டிஜிட்டல் சந்தா, அதாவது நீங்க உண்மையாவே படிக்கிறது ஒண்ணு, அதை வச்சுக்கோங்க. 1570-கள்ல முத்துக்குளிக்கிறவங்க குடுத்த காசாலதான் அச்சுல நம்ம எழுத்து வந்தது.

அப்போ அந்த 40,000?

தம்பி, மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கான்னு முதல்ல பாருங்க. துறைமுகம் சார்ந்த வேலையில சரக்கு குறைஞ்சா ஓவர்டைம் குறையும்னு உங்களுக்கே தெரியும். இல்லன்னா 40,000-ம் அங்கேதான் போகணும். அது இருந்து, மெடிக்கல் இன்ஷூரன்ஸும் இருந்தா, பெரும்பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டுல போடலாம். அதுக்கு மேலயும் மீடியா ஷேர் ஆசை போகலன்னா, மொத்த முதலீட்டுல 5%-க்குள்ள, மேலே சொன்ன நாலு சோதனையும் செஞ்சுட்டு வாங்குங்க.

இன்னைக்கு ராத்திரி சீரியலுக்கு நடுவுல விளம்பரம் வரும்போது ஒரு சின்ன வேலை பண்ணுங்க. அரை மணி நேரத்துல எத்தனை கம்பெனி விளம்பரம் வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்த லிஸ்ட்தான் அந்த சேனலோட உண்மையான வாடிக்கையாளர் பட்டியல். அடுத்த வீடியோவுல ஒரு ஆண்டறிக்கையைத் திறந்து வச்சு, விளம்பர வருமானத்தை எந்தப் பக்கத்துல தேடணும்னு காட்டுறோம். லிஸ்டோட வாங்க, பார்க்கலாம்!